எந்த ரப்பர் படகு?

மேட்டூரில் உபரிநீர் திறந்துவிடும் ஆண்டுகளில் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் ஒரே பேச்சுதான். "இந்த ரப்பர் படகை நம்பி இறங்க முடியுமா சார்? ஒரு முள் குத்தினால் தீர்ந்தது. நம்ம பரிசல் போதாதா?" 2018-லும் கேட்டேன், 2022-லும் கேட்டேன். சொல்கிறவர்கள் ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. நான் மறுக்கிறேன்.

பரிசலின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும், பாறையில் உரசினாலும் தாங்கும். ஆனால் ஒகேனக்கலில் நீர்வரத்து கூடியதும் பரிசலுக்குத்தானே முதலில் தடை போடுகிறார்கள்? விநாடிக்கு 2 லட்சம் கன அடியை ஒட்டித் தண்ணீர் போகும்போது, வீட்டுப் படியில் நிற்கும் எழுபது வயதுப் பாட்டி பரிசலின் விளிம்பில் கால் வைத்து ஏறட்டும் பார்ப்போம். ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ரப்பர் படகுக்கு இரண்டு பக்கமும் தடித்த காற்றுக் குழாய்கள். விளிம்பில் ஆளே உட்கார்ந்தாலும் எளிதில் கவிழாது. பாய்மரப் படகில் கடல் சுற்றுகிறவர்கள் தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு, கரைக்கு வந்துபோக ஒரு சின்னப் படகு வைத்திருப்பார்கள். பலர் அதற்குக் காற்றடைத்த படகையே வாங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தச் சின்னப் படகுக்கு ஆங்கிலத்தில் டெண்டர் என்று பெயர். நம் அலுவலக டெண்டர் வேறு, அதற்கும் வருகிறேன்.

முள் விஷயம். நல்ல ரப்பர் படகில் காற்றறைகள் தனித்தனியாக இருக்கும். ஒன்று போனாலும் மற்றவை மிதக்க வைக்கும். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அலேன் பொம்பார் என்ற டாக்டரின் பெயர் எனக்குச் சிறுவயதிலேயே பழக்கம். 1952-ல் சுமார் 15 அடி ரப்பர் படகில் தன்னந்தனியாக, கனாரித் தீவுகளிலிருந்து பார்படோஸ் வரை 65 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தவர். நாம் கடக்க வேண்டியது நாலு தெரு.

ஆகவே ரப்பர் படகு கெட்டதல்ல, மலிவான ரப்பர் படகுதான் கெட்டது. இங்கேதான் நம் டெண்டர் வருகிறது. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில், குறைந்த விலைப்புள்ளி என்ற ஒரே தகுதிக்காக ஒரு படகு வாங்கினார்கள். பி.வி.சி. துணி. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மடித்துப் போட்டார்கள். இருப்புப் பதிவேட்டில் ஆண்டுதோறும் "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். பிரித்துப் பார்த்த அன்று மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுத்தன. பதிவேடு மட்டும் நல்ல நிலையில் இருந்தது!

சேலம், நாமக்கல் வெயிலுக்கு ஹைபலான் வகைத் துணிதான் தாங்கும். விலை கூடத்தான். அதனால்தான் டெண்டர் நிபந்தனையிலேயே துணியின் பெயரையும் காற்றறைகளின் எண்ணிக்கையையும் எழுத வேண்டும் என்கிறேன். எழுதாவிட்டால் தணிக்கைக்குப் பயந்து மலிவானதைத்தான் வாங்குவார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை.

வாங்கியதை ஆடிக்கு முன்பே ஒருநாள் சாயங்காலம் காற்றடைத்து நிழலில் வையுங்கள். மறுநாள் காலை எந்த அறை தொய்ந்திருக்கிறது என்று கையால் அழுத்திப் பாருங்கள். வெயிலில் வைத்துச் சோதிக்க வேண்டாம். உள்ளே காற்று விரிந்து ஒட்டுகளைப் பிரித்துவிடும். ஓட்டப் பழக்குவதற்குப் பரிசல்காரர்களையே கூப்பிடுங்கள். எந்த இடத்தில் தண்ணீர் சுழிக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.