கணக்கு கேட்பதும் சாதி ஒழிப்பு வேலைதான்

ஜூனில் பள்ளி திறந்ததும் பல ஊர்களில் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு என்று ஒரு தொகை கேட்கிறார்கள். பெயர் நன்கொடை. கட்டினால்தான் பிள்ளையைச் சேர்ப்போம் என்றால் அது எப்படி நன்கொடையாகும்? சேர்க்கையின்போது எந்தப் பள்ளியும் நன்கொடை வாங்கக் கூடாது, வாங்கினால் அதைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு.

"சின்னத் தொகைதானே, இதில் என்ன அரசியல்?" என்று கேட்பவர்கள் உண்டு. காலனியில் கூலிக்குப் போகும் அம்மாவுக்கு அது ஒரு நாள் கூலி. அந்தக் காசுக்கு ரசீது கேட்க அவரால் முடிகிறதா? காசோலையில் கையெழுத்துப் போடுவது யார்? தலைவர் நாற்காலி எந்தத் தெருவுக்குப் போகிறது? பணம் எல்லாத் தெருவிலிருந்தும் வருகிறது, அதிகாரம் மட்டும் ஒரே தெருவில் தங்கிவிடுகிறது.

ஆண்டு விழா மேடைக்கும் சால்வைக்கும் காசு இருக்கும். கழிப்பறை கழுவ ஆள் வைக்க மட்டும் "நிதி இல்லை" என்பார்கள். பிறகு துடைப்பம் யார் கைக்குப் போகும்? 2022இல் ஈரோடு மாவட்டத்தில் தலித் மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்ததாக ஒரு தலைமையாசிரியர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானது நினைவிருக்கும். வரவு செலவுக் கணக்கை வெறும் எண் என்று நாம் ஒதுக்க முடியாதது இதனால்தான்.

நாம் கழகத்துக்கு எதிரி அல்ல. ஆசிரியர் இல்லாத வகுப்புகளுக்குக் கழக நிதியில் ஆள் போட்டுப் பாடம் நடந்த பள்ளிகள் ஏராளம். அந்த நல்ல வேலைக்கும் கணக்கு வேண்டும் என்கிறோம், அவ்வளவுதான்.

கருவிகள் நம் கையில் இருக்கின்றன. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு விகிதப்படி இடம். அரசிடமிருந்தோ வேறு வழியிலோ பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அந்தக் குழுவின் கடமை.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்து தொடங்குங்கள். காலனிப் பெற்றோரைக் குழுத் தேர்தலில் நிறுத்துங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஆண்டு வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவே சேர்ந்து போங்கள். தனி ஆளை மிரட்டிவிடலாம், ஒரு தெருவை மிரட்ட முடியாது.