கெட்டியான மில்க் ஷேக்கும் தமிழ் இல்லாத பெட்டியும்

இலக்கியம் பேசும் இடத்தில் மில்க் ஷேக்கிற்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். ஆற்றுப்படை நூல்கள் பாணனுக்கு வழி சொல்லும்போதே, எந்த நிலத்தில் எந்த உணவு கிடைக்கும் என்பதையும் நிலம் நிலமாகச் சொல்லிச் செல்கின்றன. குறுந்தொகையின் 167ஆம் பாடல், புதிதாக மணமான ஒருத்தி தன் கையால் ஆக்கிய புளிக்குழம்பையே பொருளாகக் கொண்டது. அடுக்களை நம் இலக்கியத்துக்குப் புறம்பானதாக என்றும் இருந்ததில்லை. ஆகவே இம்முறை மிக்ஸியையும் ஐஸ்கிரீமையும் பற்றிப் பேசுவதில் பிழையில்லை என்று துணிகிறோம்.

கிரீம் பிஸ்கட்டையும் ஐஸ்கிரீமையும் சிறிது பாலையும் சேர்த்து அடித்து, ஸ்ட்ராவில் எளிதில் ஏறாத அளவுக்குக் கெட்டியாகத் தரும் பானத்தை நம் பிள்ளைகள் கடைகளில் விரும்பிக் கேட்கின்றனர். அதை வீட்டிலேயே செய்யலாம். வீட்டிலேயே செய்வதுதான் நல்லது என்பதும் நம் கருத்து. ஆனால் செய்யத் தொடங்கும்போது நம் கையில் ஒரு பெட்டி இருக்கிறது. அதன்மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டியிருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் 'கெட்டி' என்ற சொல்லைச் சற்று ஆராய்வோம். நம் மரபில் நீர்மப் பொருள் கெட்டிப்படுவது பெரும்பாலும் நெருப்பினால். பாலைச் சுண்டக் காய்ச்சுகிறோம். கம்பங்கூழைக் கிண்டிக் கிண்டி இறுக்குகிறோம். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்தெடுத்த பாலை அரிசிமாவோடும் கருப்பட்டியோடும் கொதிக்கவிட்டுப் பருத்திப்பால் ஆக்குகிறோம். நேரமும் விறகும் செலவழிந்தால்தான் கெட்டி கிடைக்கும் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. கெட்டியான மில்க் ஷேக்கின் நெறி இதற்கு நேர்மாறானது. குளிரால் கெட்டியாகி, வெப்பத்தால் நீர்த்துப்போவது அது. மதுரை ஜிகர்தண்டா இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. சுண்டக் காய்ச்சிய பால் நெருப்பின் கெட்டி. மேலே வைக்கும் ஐஸ்கிரீம் குளிரின் கெட்டி. ஊறி உப்பிய பாதாம் பிசின் இரண்டிலும் சேராத மூன்றாவது கெட்டி. இம்மூன்றையும் ஒரே டம்ளரில் சேர்த்த மதுரைக்காரருக்கு மில்க் ஷேக் புதிராக இருக்க நியாயமில்லை.

மில்க் ஷேக்கின் பிறப்பிடம் அமெரிக்கா. 1885ஆம் ஆண்டளவில் அச்சில் தோன்றிய அச்சொல், விஸ்கியும் முட்டையும் கலந்த ஒரு பானத்தைக் குறித்தது என்பர். பிறகே அது பிள்ளைகளும் அருந்தும் பாகுப் பாலாயிற்று. இதற்கிடையில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்ற ஹார்லிக் சகோதரர்கள் 1883-இல் மால்ட் பால் மாவுக்குக் காப்புரிமை பெற்றனர். நம் இல்லங்களில் நோயாளிக்கும் மாணவர்க்கும் கலந்து கொடுக்கும் ஹார்லிக்ஸ்தான் அது. அந்த மால்ட் பாலில் ஐஸ்கிரீமைச் சேர்க்கும் வழக்கம் 1922-இல் சிகாகோவில் வால்கிரீன்ஸ் மருந்துக்கடையில் ஐவர் கோல்சன் என்பவரால் தொடங்கியது என அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. அதே காலத்தில், ஹார்லிக்ஸ் ஆலை இருந்த ரசீன் நகரில், ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி அடியில் கத்தி சுழலும் கலவைப் பாத்திரத்தை உருவாக்கினார். ஹார்லிக்ஸைச் சுடச்சுட ஆற்றிக் குடித்த நாம் அறியாமலேயே, அதன் உறவுக்காரப் பானம் ஒன்று கடலுக்கு அப்பால் குளிரில் கெட்டிப்பட்டுக்கொண்டிருந்தது.

நிற்க. தமிழ்நாட்டு வீடுகளைப் பொறுத்தவரை 2011 குறிப்பிடத்தக்க ஓர் ஆண்டு. விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு அவ்வாண்டில் தொடங்கிற்று. 1912-இல் நியூயார்க்கில் பிறந்த ஓரியோ பிஸ்கட் இந்தியாவில் விற்பனைக்கு வந்ததும் அவ்வாண்டே. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்கீழ் ஐஸ்கிரீம் என்பது எது என்று வரையறுக்கும் ஒழுங்குமுறைகள் நடைமுறைக்கு வந்ததும் அவ்வாண்டுதான். கருவி வந்தது, பண்டம் வந்தது, வரையறையும் வந்தது. முதலிரண்டும் நம் அடுக்களைக்குள் நுழைந்துவிட்டன. மூன்றாவது மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது. அதைப் பின்னர்ப் பார்ப்போம், முதலில் செய்முறை.

நம் சமையற்குறிப்புகளின் பெருங்குறை 'தேவையான அளவு' என்னும் தொடர். குழம்புக்கு அது பொருந்தலாம், இப்பானத்துக்குப் பொருந்தாது. பால் இரண்டு மடங்கானால் கெட்டி போயிற்று. இரண்டு சிறு டம்ளர்களுக்கு நாம் கொள்ளும் அளவு இது: ஐஸ்கிரீம் 160 கிராம், காய்ச்சி ஆறவைத்து, பின் குளிர்பெட்டியில் வைத்து நன்கு குளிர்ந்த பால் 75 மில்லி, கிரீம் பிஸ்கட் 5. சர்க்கரை வேண்டா. பனிக்கட்டி வேண்டவே வேண்டா. பனிக்கட்டி குளிரைத் தருவதுபோல் தோன்றினாலும் உருகியதும் நீராகவே கலக்கும். கெட்டியும் சுவையும் ஒருங்கே கெடும்.

பாலிலும் வேறுபாடு உண்டு. சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 விழுக்காடு. நிலைப்படுத்திய பாலில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6. மூன்றாவதே இதற்கு ஏற்றது. ஏனைய இரண்டும் தீங்கில்லை. பாலின் அளவைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் போதும்.

மிக்ஸி ஜாரையும் எவர்சில்வர் டம்ளர்களையும் ஈரமின்றித் துடைத்து ஒரு கால்மணி நேரம் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். முதலில் பாலை ஊற்றி, அதன்மேல் ஐஸ்கிரீமைத் துண்டு துண்டாக இட்டு, ஐந்து நொடி, ஐந்து நொடியாக விட்டு விட்டு மூன்று நான்கு முறை அடிக்க வேண்டும். கத்தி வெறுமனே சுழன்றால் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கரண்டியால் கிளறிவிடலாம். மேலும் பால் ஊற்றலாகாது. நான்கு பிஸ்கட்டுகளைக் கையால் உடைத்துக் கடைசியில் சேர்த்து ஒரே ஒரு சுற்று. ஐந்தாவதை நொறுக்கி மேலே தூவிக்கொள்ளலாம். செய்தவுடன் அருந்திவிட வேண்டும்.

இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. ஐஸ்கிரீம் என்பது நுண்ணிய பனித்துகள்களும், கொழுப்புத் துளிகளும், காற்றுக் குமிழிகளும் சர்க்கரைக் கரைசலில் பிணைந்து நிற்கும் ஒரு கட்டமைப்பு. பனித்துகள் உருகாமலும் குமிழி உடையாமலும் இருக்கும்வரைதான் கெட்டி. மிக்ஸியின் கத்தி கலக்குவதோடு உராய்வால் வெப்பமும் உண்டாக்கும். ஆகவே நீண்ட நேரம் அடிக்க அடிக்க மென்மையாகும் என்று எண்ணுவது மாவரைக்கும் பழக்கத்திலிருந்து வந்த எண்ணம். இங்கே அடிக்க அடிக்க நீர்த்துத்தான் போகும். பிஸ்கட்டைக் கடைசியில் இடுவதும் இதனால்தான். முதலிலேயே இட்டால் அது பொடிந்து ஊறி, குடிக்கும் பானம் சாம்பல் நிற மாவுக் கரைசலாகிவிடும்.

ஐஸ்கிரீமைக் கரண்டிக் கணக்கில் சொல்லாமல் கிராம் கணக்கில் சொன்னதற்கும் காரணம் உண்டு. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. பரிமாணத்தில் ஏறத்தாழப் பாதி காற்றாகவே இருக்கலாம் என்பதே இதன் பொருள். காற்று மிகுந்த ஐஸ்கிரீமில் மூன்று கரண்டியும், காற்றுக் குறைந்த ஐஸ்கிரீமில் மூன்று கரண்டியும் ஒரே அளவாகா. பெட்டியில் மில்லியும் கிராமும் சேர்த்து அச்சிட்டிருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

இப்போது வாசலில் நிற்கும் மூன்றாவது செய்திக்கு வருவோம். அதே விதிப்படி ஐஸ்கிரீம் என்று பெயரிட்டு விற்கும் பண்டத்தில் குறைந்தது 10 விழுக்காடு பால்கொழுப்பு இருக்க வேண்டும். கொழுப்புக் குறைந்த வகைகளுக்குத் தனிப் பெயர்கள் உண்டு. பால்கொழுப்புக்கு மாற்றாகத் தாவரக் கொழுப்பு சேர்ந்தால் அப்பண்டத்தின் பெயர் 'ஃப்ரோசன் டெசர்ட்'. கடையின் குளிர்பெட்டியில் இரண்டும் அருகருகே, ஒரே வகைப் பெட்டியில், ஒரே நிறத்தில் இருக்கும். நாமும் நம் பிள்ளைகளும் இரண்டையும் ஐஸ்கிரீம் என்றே அழைக்கிறோம். வகுப்பில் மாணவியரிடம் இவ்வேறுபாட்டைச் சொன்னபோது, வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் படித்துவிட்டு மறுநாள் வியப்போடு வந்தவர்கள் உண்டு.

இச்சொற்களின் வேறுபாடு நீதிமன்றம் வரை சென்ற ஒன்று. 2017-இல், அமுல் பெயரில் விற்கும் குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனைக் கூட்டமைப்பின் விளம்பரத்தை எதிர்த்து இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் மும்பை உயர் நீதிமன்றத்தை நாடியது. ஃப்ரோசன் டெசர்ட் என்றாலே வனஸ்பதி என்று பொருள்படும்படி அவ்விளம்பரம் அமைந்திருந்தது என்பது முறையீடு; நீதிமன்றம் விளம்பரத்துக்குத் தடை விதித்தது. தாவரக் கொழுப்பெல்லாம் வனஸ்பதி ஆகாது. ஆகவே அத்தடை நமக்கு உடன்பாடே. ஃப்ரோசன் டெசர்ட்டை நஞ்சென்று நாம் சொல்லவில்லை. விலை கருதி அதை வாங்கும் குடும்பத்தைக் குறை சொல்லவும் நமக்கு உரிமையில்லை. அதை வாங்குகிறோம் என்று அறிந்து வாங்க வேண்டும் என்பதுதான் நாம் சொல்வது.

'சுவை ஒன்றாக இருக்கும்போது சொல் எதுவானால் என்ன?' என்று கேட்போர் உளர். சுவை மட்டுமன்று, கெட்டியும் ஒன்றாகத்தான் இருக்கும். தாவரக் கொழுப்பும் காற்றைப் பிடித்து வைக்கும். அதனாலும் கெட்டியான மில்க் ஷேக் செய்ய முடியும். கெட்டி பாலுக்குச் சான்று என்னும் நம் பழைய நம்பிக்கை இங்கே செல்லாது. சுண்டக் காய்ச்சிய பாலில் கண்ணும் நாவும் போதிய சாட்சிகளாக இருந்தன. இங்கே அவை இரண்டும் ஏமாறும். பெட்டியின்மேல் உள்ள எழுத்து ஒன்றே சாட்சி.

அந்த எழுத்து எந்த மொழியில் இருக்கிறது? உணவுப் பொருளின் மேலுறையில் கட்டாயச் செய்திகள் ஆங்கிலத்திலோ தேவநாகரியில் அமைந்த இந்தியிலோ இருக்க வேண்டும் என்கிறது விதி. வேறு மொழியிலும் கூடுதலாக அச்சிடலாம்; கட்டாயமில்லை. ஆக, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு தாய், பள்ளிவிட்டு வந்த பிள்ளைக்குப் பால் சேர்ந்த ஒன்றைத் தருகிறோம் என்று நம்பி மிக்ஸியில் இடும் பண்டத்தின் பெயரை அவர் அறிய வழியில்லை. விளம்பரத்தில் தமிழ் இருக்கிறது; தொலைக்காட்சியில் தமிழ் பாட்டாகவே வருகிறது; பணம் கேட்கும் இடம்வரை வந்த தமிழ், பண்டம் இன்னதென்று சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறது. கூடுதலாக அச்சிடத் தடையில்லாதபோது அச்சிடாமலிருப்பது விற்போரின் சோம்பல். அதைக் கேட்காமலிருப்பது நம் சோம்பல்.

சொல் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டா. ஐஸ்கிரீமுக்குப் 'பனிக்கூழ்' என்ற நல்ல சொல் ஏற்கெனவே வழக்கில் உள்ளது. கெட்டியை உள்ளடக்கிய 'கூழ்' அதிலேயே இருக்கிறது. 'பால்கொழுப்புப் பனிக்கூழ்', 'தாவரக்கொழுப்புப் பனிக்கூழ்' என இரண்டு பெயர்களை அச்சிட்டால் எட்டாம் வகுப்பு மாணவிக்கும் வேறுபாடு விளங்கும். 'மில்க் ஷேக்' என்பதை மட்டும் அப்படியே விட்டுவிடலாம் என்பது நம் எண்ணம். மிக்ஸி வந்தபின் குலுக்குவார் எவருமில்லை. இல்லாத குலுக்கலுக்குத் தமிழ்ச்சொல் ஆக்குவதில் பயனில்லை.

சர்க்கரை பற்றியும் ஒரு சொல். மேற்சொன்ன அளவில் ஐஸ்கிரீமிலும் பிஸ்கட்டிலுமாகச் சேர்க்கப்பட்ட சர்க்கரை ஏறத்தாழ 40 முதல் 50 கிராம் வரும். சேர்க்கப்படும் சர்க்கரை நாள் முழுதும் பெறும் ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வழிகாட்டியது. வளர்ந்த ஒருவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம். பாதியாகக் குறைத்தால் மேலும் நன்று என்றும் அது கூறிற்று. பிள்ளைகளுக்கு அளவு இன்னும் குறைவு. ஆகவேதான் இரண்டு சிறு டம்ளர் என்றோம். கடையில் ஒருவருக்கென்று வைக்கும் பெரிய கண்ணாடிக் குவளையை வீட்டில் இருவர் பகிர்ந்துகொள்ளலாம். அதையும் என்றாவது ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் செய்வதன் முதற்பயன், என்ன போட்டோம், எவ்வளவு போட்டோம் என்பது நமக்குத் தெரிந்திருப்பது. அது கைவர வேண்டுமானால் செய்முறை பெட்டியைப் படிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்தமுறை வாங்கும்போது அன்பர்கள் பெட்டியைத் திருப்பிப் பண்டத்தின் பெயரைப் படியுங்கள். வீட்டில் ஆங்கிலம் படிக்காத பெரியவர் இருந்தால் அதைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். உறையில் நுகர்வோர் தொடர்புக்கென்று முகவரி அச்சிட்டிருப்பார்கள். 'பெயரைத் தமிழிலும் அச்சிடுக' என்று ஒரு வரி அதற்கு எழுதிப் போடுங்கள். எழுதி முடித்தபின் மிக்ஸியை ஓட்டுங்கள். ஐந்து நொடிக்குமேல் வேண்டா.