கொச்சை யாருடையது?

எங்க அம்மா பேசினா கொச்சை. பண்ணை வீட்டு ஆச்சி பேசினா வட்டார வழக்கு. கேட்கிறவன் மூளையில் தெரு முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காது பிறகுதான் திறக்கிறது.

கரிசல் பேச்சை எழுத்தாக்கிய கி.ராஜநாராயணனுக்கு 1991ல் சாகித்திய அகாதெமி விருது. மகிழ்ச்சிதான், எனக்கும் அவர் எழுத்து பிடிக்கும். 1992ல் பாமாவின் 'கருக்கு' வந்தது. அதுவும் பேச்சுத் தமிழ்தான். ஆனால் அதற்கு, இது இலக்கியமா என்ற முகச்சுளிப்பு.

என் கட்டுரையில் 'வவுறு' என்பதைச் சிவப்பு மையில் அடித்த தமிழய்யா, கரிசல் கதைகளை மண்வாசனை என்று ரசித்து நடத்தினார். அவர் கெட்டவரில்லை. அதுதான் பயமே. அவரிடம் சாதி வெறுப்பாக இல்லை, ரசனையாக இருந்தது.

தோழர்களே, ரசனையைக் கேள்வி கேளுங்க. வவுறு எரியறவன் வவுறுன்னுதான் சொல்லுவான்.