தண்ணீர் ஊற்றும் நேரம்

புது வீட்டு முற்றத்தில் விரிசல் விழுந்தால் நம் ஆட்கள் முதலில் சந்தேகப்படுவது சிமெண்டை. "மூட்டையைக் குறைச்சிட்டான்" என்பார்கள். கட்டுமான வேலையில் மேற்பார்வை பார்த்தே காலம் தள்ளியவன் நான். என்னைக் கேட்டால், பெரும்பாலும் வினை தண்ணீரால்தான். வேண்டாத நேரத்தில் ஊற்றுகிறோம். வேண்டிய நேரத்தில் ஊற்றுவதில்லை.

மலாக்காவில் தங்கா பத்து, சுங்கை ஊடாங் பக்கத் தாமான்களில் கார் முற்றம் போடுவதை நின்று பாருங்கள். கலவை லாரி வரும். கெட்டியாக இருக்கிறது, இழுக்க முடியவில்லை என்று வேலையாள் முணுமுணுப்பார். உடனே டிரம்முக்குள் ரப்பர் குழாய் போகும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் விட்டாலே, ஏறக்குறைய பாதிதான் சிமெண்டோடு சேர்ந்து இறுகும். மீதி கலவை இளகுவதற்கு. அது ஆவியாகப் போகப் போகத் தளம் சுருங்கும். அடித்தரை விடாமல் பிடித்திருக்கும். எவ்வளவு நசுக்கினாலும் தாங்கும் கான்கிரீட்டுக்கு இழுவையைத் தாங்கும் பலம் அதில் பத்தில் ஒரு பங்குதான். வெடிக்காமல் என்ன செய்யும்?

"பி.ஆர்.சி. கம்பி வலை போட்டோமே?" என்பார்கள். வலை வெடிப்பைத் தடுக்காது, அகலவிடாமல் பிடித்து வைக்கும். அதுவும் தளத்தின் மேல்பாதியில் இருந்தால்தான். பல முற்றங்களில் அது மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. அடியில் கட்டை வைத்துத் தூக்க யாருக்கும் பொறுமை இல்லை. நாலு அங்குலத் தளம் என்றால் பத்தடிக்கு ஒரு கோடு, கால்வாசி ஆழத்துக்கு, மறுநாளுக்குள் அறுத்துவிட வேண்டும். வருகிற விரிசல் அந்தக் கோட்டுக்குள் வரட்டும் என்பது கணக்கு. "புதுத் தரையை அறுக்கிறதா?" என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அப்புறம் கான்கிரீட் தன் இஷ்டத்துக்குக் கோணலாகக் கோடு போட்டுக்கொள்ளும்.

போட்ட தளத்தை ஈரமாக வைக்காததற்கு, சாயங்காலம்தான் மழை பெய்கிறதே என்பது இன்னொரு சமாதானம். உச்சி வெயிலும் கடற்காற்றும் சேர்ந்தால், பூசி முடித்த சில மணி நேரத்திலேயே மேல்பரப்பில் மயிரிழை வெடிப்பு விழுந்துவிடும். நாலு மணி மழை அதை ஒட்டவைக்காது. ஈரச் சாக்கோ பிளாஸ்டிக் விரிப்போ ஏழு நாள் கிடக்க வேண்டும்.

எல்லா விரிசலுக்கும் தண்ணீரே காரணம் இல்லைதான். கோலாலம்பூரின் கெப்போங் எம்.ஆர்.ஆர்.2 சாலை மேம்பாலம் நினைவிருக்கும். நம் சாமிவேலு பொதுப்பணி அமைச்சராக இருந்த 2004இல், 33 தூண்களில் 31இல் விரிசல். தூண் கம்பிகள் குறுக்கு விட்டத்துக்குள் சரியாகப் பிடிமானம் பெறவில்லை என்றது ஆய்வு செய்த ஹால்க்ரோ நிறுவனம். 2006இலும் 2008இலும் பாலத்தை மூடினார்கள்.

வீட்டில் 0.3 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கீறலுக்குப் பயப்பட வேண்டாம். பந்தாய் குண்டோர் போன்ற கடலோரத்தில் வெடிப்பில் துருக்கறை கசிந்தால் கதை வேறு. உள்ளே கம்பி துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. தீபாவளிக்கு முன் பட்டி பூசிச் சாயம் அடித்து மறைக்காதீர்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

காண்ட்ராக்டரிடம் விலை பேசும்போதே வலைக்கு அடிக்கட்டை, அறுப்புக் கோடு, ஏழு நாள் ஈரம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். கோயில் திருப்பணிக் குழுக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கும்பாபிஷேகத் தேதியைக் குறித்துவிட்டு அப்புறம் மண்டபத் தளம் போடுகிறீர்கள். நாள் போதாமல் போனால் முதலில் கைவைப்பது அந்த ஏழு நாளில்தான்.