நீண்ட கம்பியும் நிரபராதியும்

இது விஞ்ஞான யுகம் என்று மேடைகள்தோறும் முழங்குகிறோம். ஆனால், ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி இயங்காமல் நின்றுவிட்டால், நாம் விஞ்ஞான மாணவர்களாக நடந்துகொள்கிறோமா? முதலில் கருவியைக் குறை கூறுகிறோம். அடுத்து, அதைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று தேடுகிறோம். கருவிக்கும் கணிப்பொறிக்கும் நடுவே கிடக்கும் கம்பியை மட்டும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சென்ற அறிவியல் கண்காட்சியின்போது நானும் அப்படித்தான் நடந்துகொண்டேன். அந்தத் தவறு கற்றுத்தந்த பாடத்தை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் குழு எடுத்துக்கொண்ட பணி மணல் மேசை. அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆலிவர் கிரேலோஸ் என்னும் ஆராய்ச்சியாளர் உருவாக்கிய அமைப்பு அது. ஒரு பெட்டி நிறைய மணல்; அதற்கு நேர் மேலே ஆழம் அளக்கும் காமிரா ஒன்றும், ஒளிப்படம் வீழ்த்தும் கருவி ஒன்றும் தொங்கும். மணலைக் குவித்தால் அங்கே மலையின் நிறம் படரும். பள்ளம் பறித்தால் கடலின் நீலம் நிறையும். நம் ஊர்க் கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான பாடக்கருவி உண்டா? ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலை, 1980-களில் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட கற்சுவர்கள் மறித்ததையும், அதனால் வடக்கே கரை அரிக்கப்பட்டதையும் கண்ணெதிரே காட்ட விரும்பினோம்.

ஆழம் அளக்கும் காமிரா என்றால் என்ன என்று கேட்கலாம். சாதாரணக் காமிரா ஒரு பொருளின் நிறத்தைச் சொல்லும். இதுவோ அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லும். சில வகைகளில் நம் கண்களைப் போலவே இரண்டு வில்லைகள் இருக்கும். ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தால் விரல் இடம் மாறுவதுபோல் தோன்றுகிறதல்லவா? அருகிலுள்ள பொருள் அதிகமாக விலகும், தொலைவிலுள்ளது குறைவாக விலகும். அந்த விலகலிலிருந்தே தூரம் கணக்கிடப்படுகிறது. வேறு சில, அகச்சிவப்புப் புள்ளிகளை எறிந்து அவை விழும் கோலத்தைப் படிக்கும். இன்னும் சில, ஒளி சென்று திரும்பும் நேரத்தையே அளக்கும். 2010-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘கினெக்ட்’ இத்தகைய காமிராவை விளையாட்டுச் சாதனமாக வீடுகளுக்குக் கொண்டுவந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மேசைமீது வைத்துச் சோதித்தபோது காமிரா நன்றாகவே வேலை செய்தது. ஆனால் இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டதும், அதன் ஒரு மீட்டர் கம்பி கணிப்பொறிவரை எட்டவில்லை. கடைக்குப் போய் மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று வாங்கி வந்து இணைத்தோம். படம் வந்தது, சில நொடிகளில் உறைந்தது, பிறகு ‘கருவி இல்லை’ என்று கணிப்பொறி கை விரித்தது. கழற்றி மாட்டினோம், மீண்டும் அதே கதை.

முதல் நாள் மாலை அந்தக் காமிராவை அலமாரியில் வைத்துப் பூட்டியவர் எங்கள் ஆய்வுக்கூட அட்டெண்டர் அண்ணன். “அவர் கீழே போட்டிருப்பார்” என்று எங்களில் ஒருவர் சொன்னார். நான் மறுக்கவில்லை; தலையை ஆட்டினேன். துறையில் இருப்பதோ அந்த ஒரே காமிரா. பழுதுபார்க்க அனுப்புவதா, யாரிடம் விளக்கம் கேட்பது என்றெல்லாம் பேச்சு எழுந்தது. அண்ணன் ஒன்றும் பேசாமல் நின்றார். சாட்சி இல்லாதவர் வேறு என்ன செய்வார்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நானே முதல். என் தந்தை மைக்செட் தொழிலாளி. வீராம்பட்டினம் ஆடித் தேர் என்றால் மூன்று நாட்கள் வீட்டுக்கே வரமாட்டார். அன்றிரவு சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “ஒயர் எவ்வளவு தூரம் இழுத்தீங்கம்மா?” சொன்னேன். சிரித்தார். “மெல்லிசு ஒயர்ல நூறடிக்கு லைட்டு இழுத்தா கடைசி பல்பு மினுக்மினுக்குன்னுதான் எரியும். அதுக்காக பல்பைக் கட்டினவன் மேல பழி போடுவோமா?”

மறுநாள் காலை கணிப்பொறியை ஓர் உயரமான முக்காலியில் ஏற்றிச் சட்டத்தின் அருகில் வைத்தோம். எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு, காமிராவின் சொந்தக் கம்பியை நேராக இணைத்தோம். படம் வந்தது. மாலைவரை ஒருமுறைகூட நிற்கவில்லை. காமிரா குற்றமற்றது, அண்ணனும் குற்றமற்றவர்.

தந்தை அனுபவத்தால் அறிந்ததை நான் ஓம் விதியால் அறிந்திருக்க வேண்டாமா? கணக்கைப் பாருங்கள். மெல்லிய யூ.எஸ்.பி. கம்பிகளில் மின்சாரம் செல்லும் செம்பு இழை 0.32 மில்லிமீட்டர் குறுக்களவே இருப்பதுண்டு. அதன் மின்தடை மீட்டருக்கு 0.21 ஓம். மூன்று மீட்டர் போக, மூன்று மீட்டர் வர, ஆறு மீட்டருக்கு ஏறத்தாழ 1.3 ஓம். காமிரா 0.7 ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், வழியிலேயே 0.9 வோல்ட் தொலைந்துபோகும். ஐந்து வோல்ட் கொடுத்தால், நான்கு வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் போய்ச் சேரும். அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும் நொடியில் காமிரா மயங்கி விழுவதில் வியப்பென்ன? கேரி ஃபாஸ்டர் பாலத்தில் மின்தடையை அளந்து ரெக்கார்டு நோட்டில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆயினும் அந்த மின்தடை என் கையிலிருந்த ஒயரிலும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது காரணம் செய்தியின் அளவு. 1280-க்கு 720 என்றால் ஒரு படத்தில் 9,21,600 புள்ளிகள். புள்ளிக்கு 16 பிட் வீதம், நொடிக்கு 30 படங்கள் என்றால், நொடிக்கு 44 கோடி பிட்டுகள். 2000-ல் வந்த யூ.எஸ்.பி. இரண்டாம் பதிப்பின் உச்ச வேகமே நொடிக்கு 48 கோடி. கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குப் போக மிஞ்சுவது அதைவிடக் குறைவு. 2008-ல் வந்த மூன்றாம் பதிப்போ 500 கோடியைத் தாங்கும். அதற்குக் கூடுதல் இழைகள் வேண்டும். நாங்கள் வாங்கிய ஒயரைப் பிறகு அறுத்துப் பார்த்தோம். உள்ளே இருந்தவை பழைய பதிப்புக்குரிய நான்கே இழைகள்! மாட்டு வண்டிப் பாதையில் ரயிலை ஓட்ட முயன்றிருக்கிறோம்.

மூன்றாவது காரணம் இணைப்பு. மூன்றாம் பதிப்பின் வேகத்தில் ஒரு பிட் கம்பியில் பிடிக்கும் இடம் சுமார் நான்கு சென்டிமீட்டர்தான். நீளம் கூடக் கூடத் துடிப்புகள் தேய்ந்து, ஒன்றோடொன்று கலக்கின்றன. இரண்டு கம்பிகள் சேரும் இடத்தில், கயிற்றில் செல்லும் அலை முடிச்சில் பட்டுத் திரும்புவதுபோல், ஒரு பகுதி எதிரொலிக்கிறது. இரண்டாம் பதிப்பில் கம்பியின் நீளம் ஐந்து மீட்டருக்குள் வரையறுக்கப்பட்டது. மூன்றாம் பதிப்பில் நடைமுறையில் மூன்று மீட்டருக்கு மேல் போவது அரிது. வெறும் எக்ஸ்டென்ஷன் ஒயரை இரண்டாம் பதிப்பின் விதிமுறை அனுமதிக்கவே இல்லை. 1996-ல் வெளிவந்த யூ.எஸ்.பி. முறையை உருவாக்கிய இன்டெல் குழுவில் முதன்மையானவர் பரோடாவில் படித்த நம் நாட்டவர் அஜய் பட் என்பதை இங்கே பெருமையோடு நினைவுகூரலாம்.

நீளம் என்பது வெறும் வசதியல்ல. அதற்கு விலை உண்டு. இப்பாடத்தை உலகம் பெரும் பொருட்செலவில் கற்றது. 1858-ல் அட்லாண்டிக் கடலடியில் போடப்பட்ட தந்திக் கம்பி வழியே விக்டோரியா மகாராணியின் 98 சொற்கள் போய்ச் சேர 16 மணி நேரம் ஆயிற்று. கம்பியின் நீளம் கூடினால் தாமதம் அதன் இருமடியாகக் கூடும் என்று முன்பே கணக்கிட்டுச் சொன்னவர் வில்லியம் தாம்சன். நம் பாடநூல்களில் வரும் கெல்வின் பிரபு அவரே. அக்கணக்கை ஏற்காத ஒயிட்ஹவுஸ், சுமார் 2,000 வோல்ட் செலுத்தினார். சில வாரங்களிலேயே கம்பி செத்தது. கணக்கை மதித்துப் போட்ட 1866-ஆம் ஆண்டுக் கம்பி நிலைத்தது. நம் பக்கத்திலும் சான்று உண்டு. 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கம்பி சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுடையது. வழிநெடுகச் செய்தியை வலுவூட்டும் கருவிகளை வைத்துத்தான் அதை அமைத்தார்கள்.

“அப்படியானால் எக்ஸ்டென்ஷனே கூடாது என்கிறாயா?” என்று சிலர் கேட்கலாம். இல்லை. சட்டம் ஓரிடத்திலும் கணிப்பொறி ஓரிடத்திலும் இருப்பது நம்மைப் போன்ற கல்லூரிகளில் தவிர்க்க முடியாதது. வலுவூட்டும் கருவி பொருத்திய கம்பி உண்டு. தனி மின்சாரம் பெறும் இணைப்புப் பெட்டி உண்டு. ஒளியிழைக் கம்பியும் உண்டு. அவை விலை கூடியவைதாம். ஆனால் பல்லாயிரம் கொடுத்துக் காமிரா வாங்கிவிட்டு, கம்பியில் சில நூறு மிச்சப்படுத்துவது சிக்கனமாகுமா?

ஆகவே நான் வேண்டுவன மூன்று. முதலாவதாக, கருவி வாங்கும்போதே அது எங்கே தொங்கும், கணிப்பொறி எங்கே இருக்கும் என்று அளந்து, தக்க கம்பியையும் சேர்த்தே வாங்க வேண்டும். கம்பியின் நீளமும் பதிப்பும் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். இரண்டாவதாக, கருவி பழுது என்று எழுதுமுன், எக்ஸ்டென்ஷனை நீக்கி நேரடியாக இணைத்துப் பார்ப்பதை விதியாக்க வேண்டும். மூன்றாவதாக, ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான விண்ணப்பம்: தோல்வியுற்ற சோதனையையும் ரெக்கார்டு நோட்டில் எழுத இடம் தாருங்கள். சரியான விடைக்கு மட்டுமே மதிப்பெண் என்றால், தவறான விடை வரும்போது அதற்கு ஒரு குற்றவாளியைத் தேடவே நாங்கள் பழகுவோம்.

பதவியில் சிறியவர்மீது பழி எளிதில் விழுகிறது. மெல்லிய கம்பியில் வோல்ட் தொலைவதுபோல், அவர் சொல்லும் சொல்லும் மேலிடம் போய்ச் சேருமுன் தொலைந்துவிடுகிறது. கண்காட்சி முடிந்த மாலை அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை, பாப்பா. ஒயரைச் சுருட்டிக் கொடு, உள்ளே வைக்கிறேன்” என்றார்.

நண்பர்களே! மனிதரைச் சந்தேகிக்கு முன் கம்பியைச் சந்தேகிப்போம். அளந்து பார்த்த பின்னரே தீர்ப்புச் சொல்வோம். விஞ்ஞானம் நமக்குக் கற்றுத்தரும் முதல் நீதி அதுவன்றோ!

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்