பெண் பிறந்தால் யார் குற்றம்?

மூன்றாவதும் பெண்ணாய்ப் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் நடப்பது என்ன? பெற்றவளுக்குப் பத்தியச் சோறு கிடைக்கு முன்பே மாமியாரின் வசவு கிடைத்துவிடுகின்றது. “அவள் தாய்க்கும் பெண்தான், இவள் வயிறும் அப்படித்தானே இருக்கும்” என்கின்றார்கள். ஜோசியர் வந்து தோஷம் என்று சொல்லிப் பரிகாரத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு போகின்றார்.

இந்த அக்கிரமத்துக்குச் சாஸ்திர ஆதாரமும் உண்டு. பெண்ணாகவே பெறுகின்றவளைப் பதினோராவது வருஷத்தில் ஒதுக்கிவிட்டு வேறு மனைவி தேடலாம் என்கின்றது மனுதர்மம் (அத்தியாயம் 9, சுலோகம் 81). ஆணின் வித்து மிஞ்சினால் ஆண், பெண்ணின் வித்து மிஞ்சினால் பெண் என்று காரணமும் சொல்லுகின்றது (அத்தியாயம் 3, சுலோகம் 49).

நிற்க, கண்ணால் கண்டவர்கள் சொல்லுவதென்ன? உயிரணுவின் நடுவிலுள்ள கருவுக்குள் டி.என்.ஏ. என்னும் இழை இருக்கின்றது. ஓர் உயிரணுவிலுள்ளதை நீட்டிச் சேர்த்தால் சுமார் 2 மீட்டர் வரும். ஆள் உயரத்துக்கு மேற்பட்ட இந்நூல், கண்ணுக்கே தெரியாத அக்கருவுக்குள் அடங்குவதெப்படி? புரதத்தின் மேல் சுற்றிச் சுற்றி மடிந்து கிடக்கின்றது. அப்படிச் சுற்றிய கண்டு ஒவ்வொன்றுமே குரோமோசோம். டி.என்.ஏ. நூல் என்றால், குரோமோசோம் அந்நூலைச் சுற்றிய கண்டு. நூலில் அங்கங்கே உள்ள கட்டளைகளே ஜீன்கள்.

மனிதனுக்குக் கண்டுகள் 46. தாய் வழி 23, தகப்பன் வழி 23. சுமார் 30 வருஷகாலம் விஞ்ஞானப் புஸ்தகங்கள் 48 என்றே சொல்லிவந்தன. 1956-ல் டியோவும் லெவானும் எண்ணிக் காட்டி 46 என்றார்கள், புஸ்தகங்கள் திருத்தப்பட்டன. மேற்படி சுலோகங்களைத் திருத்த இதுவரை எந்தப் பண்டிதராவது முன்வந்ததுண்டா?

இந்த 23 ஜோடிகளில் ஒன்றுதான் ஆண், பெண் என்பதை நிர்ணயிக்கின்றது. தாயிடம் இருப்பவை இரண்டும் எக்ஸ். தகப்பனிடமோ ஒரு எக்ஸ், ஒரு ஒய். ஆணின் அணுக்கள் இருவகை என்பதை 1905-லேயே நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க மாது, மாவில் உண்டாகும் வண்டுகளை ஆராய்ந்து வெளியிட்டார். கருவை ஆணாக்கும் கட்டளை ஒய் கண்டின் நூலில் இன்ன இடத்தில் இருக்கின்றது என்பதும் 1990-ல் தெரிந்துவிட்டது. தாய் கொடுக்கக்கூடியது எக்ஸ் ஒன்றே. தன்னிடம் இல்லாத ஒய்யை அவள் எங்கே போய் வாங்கிவருவாள்?

ஆகவே, பெண் பிறப்பது குற்றமானால் குற்றவாளி புருஷனே என்றாகின்றது. ஆனால் அவனும் பொறுக்கியெடுத்து அனுப்பியவனல்ல. எந்த அணு முந்தும் என்பது அவன் கையில் இல்லை. தவிர, பெண் பிறப்பது குற்றமென்று சொல்லத் துணிகின்றவர்கள், தாங்கள் யார் வயிற்றில் பிறந்தார்கள் என்பதை யோசிக்கட்டும்!

தோழர்களே! ஜோசியருக்குக் கொடுக்கும் பணத்தில் அந்தப் பெண் குழந்தைக்குப் பால் வாங்குங்கள், பள்ளிக்கு அனுப்புங்கள். நாளை நுண்ணோக்கியில் கண்டுகளை எண்ணி, மனுவின் கணக்கைத் தீர்க்கப் போகின்றவள் அவளாகவே இருக்கலாம்.