நோயும் மொழியும்

2021-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் இத் தலைநகரின் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையில் ஒரு சுற்றறிக்கை பிறந்தது. தாதியர் இனிப் பணியிடத்தில் இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே பேச வேண்டும்; மீறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்பது அதன் சாரம். அங்கே மலையாளம் பேசப்படுகிறது என்றும், நோயாளிகளுக்கும் உடன் பணிபுரிவோர்க்கும் அது விளங்கவில்லை என்றும் காரணம் காட்டப்பட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. மறுநாளே அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. கொரோனாவின் இரண்டாம் அலை டில்லியை வாட்டி வதைத்து அப்போதுதான் சற்றே ஓய்ந்திருந்தது. அந்த வாரங்களில் வேர்க்க விறுவிறுக்கக் கவச உடைக்குள் நின்று பணியாற்றிய தாதியருள் மலையாளப் பெண்கள் எத்தனை பேர் என்பதை இந்நகரத்தார் அறிவர். அவர்களுக்குக் கிடைத்த பரிசு இது!

ஒரே நாளில் மாண்டுபோன சுற்றறிக்கையை இன்று ஏன் கிளறுகிறாய் என்று கேட்பீர்கள். அறிக்கைதான் மாண்டது, அதைப் பிறப்பித்த குழப்பம் நம் மருத்துவமனைகளில் இன்றும் நலமாக வாழ்கிறது.

முறையீட்டில் உண்மையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. படுக்கையில் கிடப்பவன் தலைமாட்டில் இருவர் நின்று, தனக்கு விளங்காத மொழியில் தணிந்த குரலில் பேசினால் அவன் மனம் என்ன பாடுபடும்? நம்மைப்பற்றித்தான் பேசுகிறார்களோ, நோய் முற்றிவிட்டதோ, மறைக்கிறார்களோ என்று அஞ்சாதவர் எவரும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். காலை வேளையில் பெரிய டாக்டர் மாணவர் புடைசூழ வருகிறார். கட்டிலைச் சுற்றி நின்று பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். நோயாளி ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். அதற்கு எதிராக எவரேனும் சுற்றறிக்கை விட்டதுண்டா? பீகாரிலிருந்து வந்த குடியானவனுக்கு அந்த ஆங்கிலம் மலையாளத்தைவிட எவ்வகையில் நெருங்கிய உறவு? ஆக, நோயாளிக்கு விளங்கவில்லை என்பதன்று அங்கே குறை. அதிகாரம் இல்லாதவர் மொழி காதில் விழுந்ததே குறை!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்தி தெரியாத தமிழ்க் கிழவர் ஒருவர் டில்லி மருத்துவமனையில் வந்து விழுந்தால், அங்குள்ளோர் யாரைக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? “மதராஸி சிஸ்டரைக் கூப்பிடு” என்கிறார்கள். ஓடி வருபவர் பெரும்பாலும் மலையாள நர்ஸ். “வெள்ளம் குடிச்சோ?” என்று அவர் கேட்க, ஊரில் ஏதோ வெள்ளம் வந்துவிட்டதென்று கிழவர் திகைத்தாலும், இரண்டு நிமிடத்தில் இருவரும் ஒருவாறு ஒத்துப்போய்விடுவர். எந்த நாவைக் கட்டிப்போட நினைத்தார்களோ, அந்த நாவே பாலமாகவும் பயன்படுகிறது. அந்தப் பாலப்பணிக்குச் சம்பளம் இல்லை. பணிப் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. தன் வார்டில் ஊசி போட வேண்டிய நேரத்தில் அடுத்த வார்டில் மொழிபெயர்த்துக்கொண்டு நின்றதற்காக அவர் ஏச்சு வாங்காமல் இருந்தாலே பெரிது.

அந்த சிஸ்டரும் கிடைக்காதபோது என்ன நடக்கிறது? நான் உயிர்வேதியியல் மாணவன். ஆய்வுக்கான குருதி மாதிரிகள் பெறுவதற்காக இந்நகரின் பொது மருத்துவமனை ஒன்றில் வாரம் இருமுறை காத்து நிற்பவன். அங்கே புறநோயாளிகள் வரிசையில் ஒருநாள் ஒரு தமிழ்ப் பாட்டியைக் கண்டேன். வீட்டுவேலை செய்து பிழைக்க இங்கு வந்து முப்பது ஆண்டு ஆகியும், பாத்திரத்துக்கும் துடைப்பத்துக்கும் வேண்டிய இந்திக்கு மேல் அவருக்கு வாய்க்கவில்லை. துணைக்கு வந்தவன் பத்து வயதுப் பேரன். இந்திப் பள்ளியில் படிப்பவன். டாக்டர் பேரனைப் பார்த்துக் கேட்கிறார்: மாதவிலக்கு நின்று எத்தனை ஆண்டு, இப்போது மறுபடி உதிரம் படுகிறதா என்று. பையன் விழிக்கிறான், பாதி புரிந்தும் பாதி புரியாமலும் ஏதோ கேட்கிறான். பாட்டி முகம் சிவந்து, “ஒண்ணும் இல்லைன்னு சொல்லுடா கண்ணு” என்கிறார். “குச் நஹீன்” என்று பையன் சொன்னான். டாக்டர் அதையே எழுதிக்கொண்டார். மாதவிலக்கு நின்றபின் உதிரம் படுவது கருப்பைப் புற்றின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பது மருத்துவம் பயிலும் நண்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேரன் முன்னிலையில் எந்தப் பாட்டி அதைச் சொல்லுவார்?

அந்த டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன். வரிசையில் நூறு பேர் நிற்கிறார்கள். கிடைத்த வாய் பேரனுடையது, அதைப் பயன்படுத்தினார். ஆனால் அமெரிக்காவில் 2016-ஆம் ஆண்டின் விதி ஒன்று, உயிர் போகும் அவசரம் தவிர மற்ற வேளைகளில் சிறுவர்களை மொழிபெயர்க்கவைப்பதைத் தடுத்தது. அந்நாட்டார் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். 1980-இல் ஃபுளோரிடாவில் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் நினைவிழந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். கியூபாவிலிருந்து குடியேறிய அவன் வீட்டார் ‘இன்டாக்சிகாடோ’ என்றனர். அவர்கள் ஸ்பானிய வழக்கில் அது, உண்டது எதுவோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது. ஆங்கிலக் காதுக்கோ அது போதையில் கிடக்கிறான் என்று கேட்டது. போதை மருந்துக்கான சிகிச்சை நடந்தது. உண்மையில் மூளையில் குருதி கசிந்துகொண்டிருந்தது. கை கால் நான்கும் செயலற்றுப்போயின. பின்னர் நடந்த வழக்கில் ஈடாகக் கணக்கிட்ட தொகை ஏறத்தாழ 7 கோடி டாலர்.

நம் மொழிகளிலும் இத்தகைய கண்ணிகள் ஏராளம். தமிழ்ப்பெண் ஒருத்தியின் தாய், “மூணு மாசம் முழுகாம இருக்கா” என்கிறாள். சொல்லுக்குச் சொல் இந்தியாக்கினால், மூன்று மாதமாகக் குளிக்கவில்லை என்றாகும்! கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடாத மருந்தை எழுத அது ஒன்று போதும். நெஞ்சு ‘கரிக்கிறது’ என்பதும், ‘அடைக்கிறது’ என்பதும் நமக்கு வெவ்வேறு. முதலாவது பெரும்பாலும் வயிற்றுப் புளிப்பு. இரண்டாவதைக் கேட்டால் இதயத்தை உடனே பார்க்க வேண்டும். குடைச்சல், உளைச்சல், கடுப்பு, குத்தல் என்று நம்மவர் இவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்ததெல்லாம், அவசரத்தில் மொழிபெயர்ப்பவன் வாயில் ‘தர்த்’ என்ற ஒரே சொல்லில் போய் முடங்குகிறது. மறுபுறமும் அப்படியே. ‘கப்ராஹட்’ என்று இந்திக்காரர் சொல்வது படபடப்பாகவும் இருக்கலாம், மூச்சுமுட்டலாகவும் இருக்கலாம், வெறும் கலக்கமாகவும் இருக்கலாம். மதுரையிலிருந்து இங்கு மேற்படிப்புக்கு வந்த இளம் டாக்டர் அதைப் ‘பயம்’ என்று எழுதிவிட்டுப் போவார். இந்தியில் ‘கல்’ என்றால் நேற்றும் அதுவே, நாளையும் அதுவே. வினைச்சொல்லைக் கொண்டுதான் காலம் அறிய வேண்டும். வினைச்சொல்லை விட்டுவிட்டுப் பிடிப்பவனுக்கு, காய்ச்சல் நேற்று வந்ததா, மருந்தை நாளை நிறுத்துவதா என்பதெல்லாம் ஒன்றுதான். சிறுநீரகத்தில் கல் என்று வந்த தமிழரைப்பற்றி நான் கேட்ட கதையை ஏட்டில் எழுதினால் நகைச்சுவைப் பகுதிக்கு மாற்றிவிடுவார்கள், விடுகிறேன்.

என் துறை சார்ந்த ஒரு முரண்பாட்டைச் சொல்ல வேண்டும். ஆய்வுக்காக ஒருவர் கையிலிருந்து ஐந்து மில்லி குருதி எடுக்க வேண்டுமானால், அதன் நோக்கத்தையும் தீங்கையும் அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதிக் கொடுத்து இசைவு பெற வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதை வலியுறுத்துகின்றன. மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் அறநெறிக் குழு தாளைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் அதே கட்டடத்தில், வயிற்றைக் கிழித்து அறுவை செய்துகொள்ளப் போகிறவர் தமக்கு விளங்காத மொழியில் அச்சிட்ட தாளில் கைநாட்டு வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து மில்லிக்கு இருக்கும் மதிப்பு முழு உடம்புக்கு இல்லை! சட்டம் இல்லாமல் இல்லை. நோயாளிக்குப் போதிய விவரம் சொல்லிப் பெற்ற இசைவே இசைவு என்று உச்சநீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயமும், நோயாளி அறிந்த மொழியில் விளக்க வேண்டும் என்றே கூறுகிறது. அறிந்த மொழியில் விளக்க வேண்டும், சரி; விளக்குபவர் யார் என்பதுதான் கேள்வி. நான் பார்த்த எந்தப் பொது மருத்துவமனையிலும் மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு பதவி இல்லை. தோட்டத்துக்கு ஆள் உண்டு, மின்தூக்கிக்கு ஆள் உண்டு; நாவுக்கு ஆள் இல்லை.

ஒரு மொழிக்காரரே ஒரு மருத்துவமனையில் இருந்தால் தொல்லை தீர்ந்ததல்லவா என்பார் சிலர். அது நடக்கிற காரியமன்று, நடப்பது நல்லதுமன்று. பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் 121 என்று 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு கூறும் நாடு இது. அரசு மருத்துவக் கல்லூரிகளின் மேற்படிப்பு இடங்களில் பாதியை அகில இந்திய ஒதுக்கீடே நிரப்புகிறது. 2019-இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் முதல் மாதத்து அடிப்படைப் பயிற்சியில் வட்டார மொழியையும் சேர்த்தது நன்றே. ஆனால் ஒரு மாதத்தில் வணக்கம் சொல்லக் கற்கலாம். உதிரப்போக்கைப்பற்றிப் பக்குவமாகக் கேட்கக் கற்க முடியாது. கைப்பேசிச் செயலிகள் இப்போது நன்றாகவே மொழிபெயர்க்கின்றன. நள்ளிரவில் யாருமில்லாதபோது அவை பேருதவிதான். எனினும் ‘முழுகாம’ என்பதைச் செயலி தவறாகச் சொன்னால், தவறு என்று அங்கே சொல்ல ஓர் ஆள் வேண்டுமல்லவா?

இனிச் சொல்லப்போவது நம்மவர் சிலருக்குக் கசக்கும். மேலே சொன்ன சுற்றறிக்கையைக் கண்டித்தவர்களில் நாமும் உண்டு. ஆண்டுதோறும் ஜனவரி 25-இல் மொழிப்போர் ஈகியரை நினைந்து தலைதாழ்த்துகிறோம். அதே அளவுகோலை ஊருக்கு எடுத்துச் சென்று வைத்துப் பாருங்கள். வேலூர்க் கிறித்துவ மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்து நோயாளிகள் ஆண்டாண்டாக வருகிறார்கள். அதைச் சுற்றியுள்ள விடுதிகளும் கடைகளும் வங்காளியில் பலகை எழுதிவிட்டன. வணிகர்கள் எவர் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. ஆனால் திருப்பூரில் தையல் எந்திரத்தின் முன்னும், சென்னையில் சாரத்தின் மேலும் நிற்கிற ஒடிசாக்காரனும் ஜார்க்கண்டுக்காரனும் அரசு மருத்துவமனைக்கு வந்தால் யார் வாய் கொடுப்பது? அவனை அழைத்து வந்த மேஸ்திரிதான். சாரம் சரியாகக் கட்டாததால் விழுந்தான் என்றால், அதை அந்த மேஸ்திரியா டாக்டரிடம் சொல்லுவான்? குடித்துவிட்டு விழுந்தான் என்பான். குறிப்பில் அதுவே ஏறும்.

“தமிழ்நாட்டுக்கு வந்தவன் தமிழ் கற்கட்டுமே” என்று விடுதியில் ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். கற்கட்டும், நன்றாகக் கற்கட்டும். ஆனால் தொடை எலும்பு முறிந்து கிடப்பவனுக்கு மொழித்தேர்வு வைக்கலாமா? “டில்லிக்கு வந்தவள் இந்தி கற்கட்டுமே” என்று அந்தப் பாட்டியைப் பார்த்துச் சொன்னால் நமக்கு எப்படி எரியும்! நண்பர் வேறு பேச்சுக்கு மாறிவிட்டார்.

நம் சங்கத்தில் மருத்துவம் பயில்வோரும் தாதிப் பயிற்சி பெறுவோரும் உள்ளனர். இரவில் தமிழ் நோயாளி வந்தால் தொலைபேசியில் உதவ ஒரு பெயர்ப்பட்டியல் தயாரிக்கலாம் என்று செயலாளர் கூறினார். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளட்டும். ஆனால் இது தொண்டாகவே நின்றுவிட்டால், அந்த மலையாள சிஸ்டரின் கதிதான் நமக்கும்; தேர்வு நாளில் நாம் தொலைபேசியை அணைத்து வைத்தால் நோயாளி மீண்டும் பேரனிடம் போவான். ஆகவே வரும் பொதுக்குழுவில் இரண்டு கோரிக்கைகளை முன்மொழியப் போகிறேன். ஒன்று, வேற்றுமொழி அறிந்து மொழிபெயர்க்கும் தாதியர்க்கு அதைப் பணிநேரமாகக் கணக்கிட்டுப் படி வழங்க வேண்டும். நோயாளி மிகுந்த இடங்களில் அதற்கென்றே ஆள் வைக்க வேண்டும். மற்றொன்று மிகச் சிறியது. புறநோயாளிச் சீட்டில் பெயர், வயது, பால், முகவரி எல்லாம் கேட்கிறார்கள். ‘பேசும் மொழி’ என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். நான் பார்த்த சீட்டில் முகவரிக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் வெறுமையாகத்தான் கிடக்கிறது.